ஒரு தொட்டி மண்

மனிதனுக்கு எவ்வளவு நிலம் வேண்டும் என்று கேட்டு 1886-ஆம் ஆண்டில் டால்ஸ்டாய் ஒரு கதை எழுதினார். ஆறடி போதும் என்று அந்தக் கதை முடிந்துவிடுகிறது. செடிக்கு எவ்வளவு மண் வேண்டும் என்று அவர் கேட்டிருந்தால் கதையை அவ்வளவு சுருக்கமாக முடித்திருக்க முடியாது. இந்தக் கேள்விக்கு விடை தேடி விஞ்ஞானிகள் முந்நூற்றைம்பது வருஷங்களுக்கு மேலாக உழைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு முன்னால் இரண்டாயிரம் வருஷ காலம் தோட்டக்காரர்கள், தராசை நம்பாமல் கையை நம்பி, தங்களுக்குத் தெரிந்த விடையைச் சொல்லிவந்தார்கள். இரண்டு கட்சிகளும் ஒத்துப்போகிற இடமும் உண்டு. முட்டிக்கொள்கிற இடமும் உண்டு. அந்தச் சரித்திரத்தைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

தரையில் முளைத்த செடிக்கு யாரும் எல்லை வகுப்பதில்லை. பாறை குறுக்கிட்டால் வேர் சுற்றிக்கொண்டு போகும். ஈரம் இருக்கும் பக்கமாக நீளும். தொட்டிச் செடியின் சமாசாரம் வேறு. உனக்கு வாய்த்த பூமி இவ்வளவுதான் என்று நாம் அதற்குத் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். அந்தத் தீர்ப்பைக் கடை வாசலில் நின்று, விலையைக் கேட்டு, ஜன்னலோரத்தில் வைக்க இடம் போதுமா என்று மனத்துக்குள் அளந்து பார்த்து, இரண்டு நிமிஷத்தில் எழுதி முடித்துவிடுகிறோம். செடி அதை ஆயுள் முழுவதும் அனுபவிக்கிறது.

மண்ணைத் தராசில் நிறுத்து இந்த விஷயத்தைப் பார்த்தவர்களில் மிகவும் பெயர் பெற்றவர் வான் ஹெல்மாண்ட் என்ற வைத்தியர். இன்றைய பெல்ஜியம் நாட்டிலுள்ள பிரஸ்ஸல்ஸ் நகரத்தைச் சேர்ந்தவர். அவர் 200 பவுண்டு மண்ணை அடுப்பில் உலர்த்தி ஒரு பெரிய மண்தொட்டியில் போட்டார். 5 பவுண்டு எடையுள்ள ஒரு வில்லோ மரக்கன்றை அதில் நட்டார். தூசி விழாதபடி துவாரங்கள் போட்ட தகரமூடி ஒன்றால் தொட்டியை மூடினார். மழைநீரோ வடித்த நீரோ தவிர வேறொன்றும் அதற்கு ஊற்றவில்லை. ஐந்து வருஷங்கள் பொறுத்திருந்து மரத்தைப் பிடுங்கி நிறுத்தபோது அது 169 பவுண்டும் சுமார் 3 அவுன்சும் இருந்தது. மண்ணை மறுபடி உலர்த்தி நிறுத்தார். 200 பவுண்டில் குறைந்திருந்தது ஏறக்குறைய 2 அவுன்சு மட்டுமே. 1644-ஆம் ஆண்டில் அவர் காலமான பிறகு, 1648-இல் வெளிவந்த அவருடைய நூலில் இந்தச் செய்தி இருக்கிறது.

மரம் முழுவதும் தண்ணீரிலிருந்தே உண்டாயிற்று என்று அவர் முடிவு கட்டினார். காற்றிலுள்ள கரியமிலவாயுவை இலை உண்கிறது என்பது அந்தக் காலத்தில் யாருக்கும் தெரியாது. அவருடைய முடிவு பாதிதான் சரி. ஆனால் அவர் போட்ட கணக்கு இன்றுவரை ஒரு விடுகதையாக நிற்கிறது. ஐந்து வருஷத்தில் மரம் தின்ற மண் 2 அவுன்சு என்றால், மீதி 199 பவுண்டுக்கு மேற்பட்ட மண் அங்கே என்ன செய்துகொண்டிருந்தது? ஒரு கைப்பிடி மண்ணிலேயே அந்த மரத்தை வளர்த்திருக்கக் கூடாதா?

இந்த விடுகதையை அவிழ்க்க, அவருக்கு முன்னால் தொட்டியைக் கையாண்டவர்களிடம் கொஞ்சம் போய்வர வேண்டும். பழைய காலத்தில் தொட்டி பெரும்பாலும் செடிக்கு வீடாக இருந்ததில்லை, வண்டியாகத்தான் இருந்தது. எகிப்து தேசத்து அரசி ஹத்ஷெப்சுட், இன்றைக்குச் சுமார் 3,500 வருஷங்களுக்கு முன், புன்ட் என்ற தேசத்துக்குக் கப்பல்களை அனுப்பிச் சாம்பிராணி வகை மரங்களை உயிரோடு வரவழைத்தாள். வேரோடும் மண்ணோடும் கூடையில் வைத்த மரங்களை ஆட்கள் காவடிபோல் தூக்கிச் செல்வதை, டேர் எல் பஹ்ரியில் இருக்கும் அவள் கோயிலின் சுவர்ச் சிற்பங்களில் இன்றும் பார்க்கலாம். அரிஸ்டாட்டிலின் சீடரான தியோஃப்ராஸ்டஸ், கிடாரங்காய் இனத்து மரத்தைத் துவாரமிட்ட தொட்டியில் வளர்ப்பதைக் குறிப்பிடுகிறார். ரோமாபுரிப் பிளினியும் அதே மரத்தை வேறு நாடுகளுக்குக் கொண்டுபோக, வேர் மூச்சுவிடத் துவாரம் வைத்த மண்பாண்டங்களைப் பயன்படுத்தினார்கள் என்று எழுதிவைத்திருக்கிறார். வேர் மூச்சுவிடும் என்ற உண்மை அப்போதே கைப்பழக்கத்தில் வந்துவிட்டது என்பது எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

ஏதென்ஸ் நகரத்தில் ஹெஃபாய்ஸ்டஸ் கோயிலைச் சுற்றி 1936-இல் தோண்டிப் பார்த்தார்கள். டாரதி பர் தாம்சன் என்ற அமெரிக்க அம்மையார் அந்த வேலையை நடத்தினார். கோயிலின் தூண்களுக்கு நேராக, பாறையில் வெட்டிய குழிகள் வரிசை வரிசையாக இருந்தன. குழிகளுக்குள்ளே கிடைத்தவை, அடியில் துவாரமுள்ள பூந்தொட்டிகள். தொட்டியில் வளர்த்த கன்றைக் குழிக்குள் இறக்கித் தொட்டியோடு நட்டிருக்கிறார்கள். தொட்டியின் ஓட்டைத் தாண்டி வேர் வெளியே போய்விட்டால் தொட்டியின் வேலை தீர்ந்தது. அதற்குமேல் அது எவ்வளவு பெரியது, எவ்வளவு சிறியது என்று யாரும் கவலைப்பட வேண்டிய அவசியமில்லை.

இப்படிப்பட்ட வழிப்பயணத் தொட்டிகளெல்லாம் சிறியவை. சில வாரமோ சில மாதமோ உயிரைப் பிடித்துவைத்தால் போதும். தூக்குகிற ஆளுக்குத் தோள் நோகாமல் இருக்க வேண்டும் என்பதுதான் அங்கே அளவுகோல்.

செடி தொட்டியிலேயே குடியிருக்க வந்தபோது அளவுகோல் மாறிற்று. பிரான்ஸ் தேசத்து மன்னன் 14-ஆம் லூயிக்கு ஆரஞ்சு மரங்கள்மேல் அளவு கடந்த மோகம். வெர்சேல்ஸ் குளிரில் அவை தரையில் நின்றால் செத்துப்போகும். கோடையில் வெளியேயும் குளிர்காலத்தில் உள்ளேயும் இருக்கும்படி அவற்றை நகர்த்த வேண்டும். அதற்காக ஆர்டுவான் மான்சார் என்ற சிற்பி 1684-க்கும் 1686-க்கும் இடையில் கட்டிய மண்டபம் இன்றும் இருக்கிறது. அதன் நடுக்கூடம் மட்டும் 150 மீட்டருக்கு மேல் நீளம். மரங்களை நட்டது சதுரமான மரப்பெட்டிகளில். அந்தப் பெட்டிகளின் விசேஷம் என்னவென்றால், பக்கப் பலகைகளைக் கழற்றலாம். மரத்தை அசைக்காமல் பலகையை எடுத்துவிட்டு வேரைப் பார்த்து, அழுகியதை நறுக்கி, பழைய மண்ணைச் சுரண்டிப் புது மண் வைக்கலாம்.

அரசனுடைய காய்கறித் தோட்டத்துக்கு அதிகாரியாக இருந்த லா கென்டினி என்பவர், ஆரஞ்சு மரம் வளர்ப்பதைப் பற்றித் தனியாக ஒரு பகுதியே எழுதினார். அவர் 1688-இல் இறந்தார். நூல் 1690-இல் அச்சாயிற்று. அந்தப் பெட்டிகளைப் பற்றி யோசித்தால் ஒரு விஷயம் புலப்படும். தலைமுறை தலைமுறையாக வாழ வேண்டிய மரத்துக்கு எவ்வளவு பெரிய பெட்டி செய்தாலும் போதாது. வெர்சேல்ஸ் தச்சர்கள் அதனால் பெட்டியைப் பெருக்கிக்கொண்டே போகவில்லை, கதவு வைத்தார்கள். மனிதன் அடிக்கடி வந்து உள்ளே பார்ப்பான் என்ற நம்பிக்கையில் செய்த பெட்டி அது.

இங்கிலாந்தில் நடந்தது இன்னும் வேடிக்கை. அங்கே குயவர்கள் தொட்டியின் அளவைக் குறுக்களவால் சொல்வதில்லை. ஒரு குறிப்பிட்ட அளவு களிமண்ணை எடுத்துக்கொண்டால் அதிலிருந்து எத்தனை தொட்டி வனையலாம் என்பதே தொட்டியின் பெயர். அறுபது தொட்டி வந்தால் அது 'அறுபது'. ஏறக்குறைய 3 அங்குல வாய். நாற்பத்தெட்டு வந்தால் 'நாற்பத்தெட்டு'. அது நாலரை, ஐந்து அங்குலம். 'முப்பத்திரண்டு' 6 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே. 'இரண்டு' என்று பெயர் கொண்ட தொட்டிக்கு வாயகலம் 18 அங்குலம். பெயரில் எண் ஏற ஏறத் தொட்டி சிறுக்கும். ஜான் கிளாடியஸ் லவுடன் 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுதிய தோட்டக்கலைக் களஞ்சியத்தில் இந்தக் கணக்கெல்லாம் வரிசையாக இருக்கிறது. கன்றுக்கு இது போதும், காய்க்கும் மரத்துக்கு அது வேண்டும் என்ற பேச்சே அந்தப் பெயர்களில் கிடையாது. களிமண் விற்கிறவனும் வனைகிறவனும் தங்கள் சௌகரியத்துக்கு வைத்த பெயர்கள். செடி அதற்குள் தன்னைப் பொருத்திக்கொள்ள வேண்டியதாயிற்று.

இங்கிலாந்துத் தோட்டக்காரர்கள் இந்த எண்களை ஓர் ஏணியாக்கிக்கொண்டார்கள். நாற்றை அறுபதில் நடு. வேர் சுவரைத் தொட்டதும் நாற்பத்தெட்டுக்கு மாற்று. அங்கே வேர் சுற்றத் தொடங்கியதும் முப்பத்திரண்டுக்கு மாற்று. இப்படியே படிப்படியாக ஏற்று. குழந்தைக்குத் தாத்தாவின் சட்டையைப் போட்டுவிடாதே என்பது அவர்கள் வேதம். 1840-களில் வேறொரு கட்சி கிளம்பிற்று. இத்தனை தடவை பிடுங்கி நடுவானேன்? சின்னத் தொட்டியிலிருந்து கடைசித் தொட்டிக்கு ஒரே தாவலில் கொண்டுபோய்விடு. மண்ணைக் கரடுமுரடாக, நீர் வடியும்படி அமைத்துவிடு. செடி இருமடங்கு வேகத்தில் வளரும் என்றார்கள் அவர்கள். இதற்கு 'ஒரே மாற்று முறை' என்று பெயர். தோட்டக்கலைப் பத்திரிகைகளில் இரண்டு கட்சிக்காரர்களும் காரசாரமாக எழுதினார்கள். பூந்தொட்டிக்காகவா இவ்வளவு ஆவேசம் என்று சிரிக்கத் தோன்றும். ஆனால் பிள்ளையைப் படிப்படியாக வளர்ப்பதா, நீச்சல் தெரியுமுன் ஆற்றில் இறக்கிவிடுவதா என்று வீடுகளில் நடக்கிற வழக்கை நினைத்துப் பார்த்தால் சிரிப்பு நின்றுவிடும்.

இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல வேண்டிய சாட்சியத்தை, நூறு வருஷங்களுக்கு முன்னாலேயே ஒரு பாதிரியார் பதிவு செய்துவிட்டிருந்தார். லண்டனுக்குப் பக்கத்தில் டெடிங்டன் என்ற ஊரில் இருந்த ஸ்டீபன் ஹேல்ஸ். 1724-ஆம் ஆண்டு ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் அவர் மூன்றரை அடி உயரமுள்ள ஒரு சூரியகாந்திச் செடியைத் தொட்டியோடு காலையும் மாலையும் நிறுத்தார். தொட்டியின் வாயை ஈயத் தகட்டால் அடைத்திருந்தார். மண்தொட்டியின் சுவரும் ஓரளவு வியர்க்கும் என்பதைக்கூட அவர் மறக்கவில்லை. அதைக் கழித்துக்கொண்டே கணக்குப் பார்த்தார். பன்னிரண்டு மணி நேரப் பகலில் அந்தச் செடி சராசரியாக 1 பவுண்டு 4 அவுன்சு நீரை இலை வழியாக விட்டது. அதாவது அரைக் கிலோவுக்கு மேல். பருமனுக்குப் பருமன் ஒப்பிட்டால் மனிதனைவிட 17 மடங்கு வியர்வை என்றும் கணக்கிட்டார். 1727-இல் வெளிவந்த அவருடைய புத்தகத்தில் இந்த எண்கள் இருக்கின்றன.

ஹெல்மாண்டின் விடுகதைக்கு விடை இங்கே கிடைத்துவிடுகிறது. தொட்டி மண் செடிக்குச் சோறு மட்டும் அல்ல. அது தண்ணீர்க் குடம். செடி ஒரு பகலில் அரைக் கிலோ நீர் குடிக்கிறது என்றால், நீங்கள் ஒருமுறை ஊற்றிவிட்டு மறுமுறை வரும்வரை அதைச் சேமித்துவைக்க இடம் வேண்டும். கைப்பிடி மண்ணில் மரத்தை வளர்க்கலாம்தான். மணிக்கொரு தரம் பக்கத்தில் நின்று நீரும் உரமும் கொடுக்கிற ஆள் இருந்தால். அப்படி ஓர் ஆள் இல்லாத குறையைத்தான் 200 பவுண்டு மண் ஈடுசெய்தது.

அப்படியானால் பெரிய தொட்டியே எப்போதும் நல்லதல்லவா என்று வாசகர்கள் கேட்கலாம். அங்கேதான் ஏணிக் கட்சிக்காரர்களின் அனுபவம் குறுக்கே வருகிறது. பெரிய தொட்டியின் நடுவில் சின்ன நாற்றை வைத்தால், அதன் வேர் எட்டுகிற மண் கொஞ்சம். எட்டாத மண் அதிகம். எட்டாத மண்ணிலுள்ள நீரைக் குடிப்பார் இல்லை. அது சேறாகத் தங்கிவிடும். மண்ணின் துளைகளில் நீர் நிறைந்தால் காற்றுக்கு இடம் இல்லை. வேர் மூச்சுத் திணறி அழுகும். இலை வாடியிருப்பதைப் பார்த்து, தண்ணீர் போதவில்லை என்று நினைத்து, நாம் இன்னும் ஒரு செம்பு ஊற்றுவோம். தாகத்தால் செத்த தொட்டிச் செடிகளுக்குச் சமமாக உபசாரத்தால் செத்த செடிகளும் உலகத்தில் உண்டு.

தொட்டியின் உயரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அடியில் துவாரம் இருந்தால் நீரெல்லாம் வடிந்துவிடும் என்று நினைக்கிறோம். வடியாது. ஒரு பஞ்சுத்துண்டை நீரில் தோய்த்துத் தட்டையாகப் பிடியுங்கள். சொட்டுவது நின்றபின் அதைச் செங்குத்தாகத் திருப்புங்கள், மறுபடி சொட்டும். நின்ற நிலையிலும் அடியில் ஒரு பகுதி நனைந்தே இருக்கும். தொட்டி மண்ணும் இப்படித்தான். அடியில் சில அங்குலம் எப்போதும் ஈரம் தேங்கும். எத்தனை அங்குலம் என்பதை மண்ணின் நயம் தீர்மானிக்கிறது. தொட்டியின் உயரம் அதை மாற்றாது. ஆகவே அகலமாகவும் ஆழமில்லாமலும் இருக்கும் தொட்டியில் பெரும்பகுதி சேறு. உயர்ந்த தொட்டியில் சேற்றுக்கு மேலே வேருக்கு நல்ல இடம். வடிகாலுக்காக அடியில் ஓட்டாஞ்சில்லு பரப்பும் பழக்கம் பல தேசங்களில் உண்டு. சில்லின் அடுக்கு நீரைக் கீழே இழுப்பதில்லை. தேங்கும் ஈரம் அந்த அடுக்கின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. வேருக்கு மிஞ்சும் இடம் அந்த அளவுக்குக் குறைகிறது. துவாரத்தின் வழியே மண் ஒழுகாமல் தடுக்க ஒரே ஒரு சில்லு போதும்.

மண்ணைப் பற்றிய ஆராய்ச்சியும் தொட்டியின் அளவில்தான் வந்து முடிந்தது. இங்கிலாந்தில் ஜான் இன்னஸ் ஆராய்ச்சி நிலையத்தில் 1930-களில் லாரன்ஸ், நியூவெல் என்ற இருவர், ஒவ்வொரு செடிக்கும் ஒவ்வொரு மண்கலவை என்ற பழைய ரகசியங்களை உடைத்தார்கள். கிருமி நீக்கிய தோட்டமண் 7 பங்கு, பீட் என்னும் சதுப்புநிலத் தாவர மக்கு 3 பங்கு, மணல் 2 பங்கு என்று ஒரே கலவையைக் கண்டுபிடித்தார்கள். சிறு தொட்டிக்கு ஒரு பங்கு உரம், அடுத்த அளவுக்கு இரண்டு பங்கு, பெரிய தொட்டிக்கு மூன்று பங்கு என்று 1, 2, 3 எண்ணிட்டார்கள். பெரிய தொட்டியில் செடி நீண்ட நாள் இருக்கப்போகிறது. ஆகவே கட்டுச்சோறும் அதிகமாகக் கட்டிக் கொடுக்க வேண்டும். கலவையின் சூத்திரத்தை எல்லோரும் பயன்படுத்தும்படி வெளிப்படையாக அறிவித்தும்விட்டார்கள்.

விஞ்ஞானம் கடைசியாகத் தந்த எண் ஒன்று உண்டு. ஜெர்மனியைச் சேர்ந்த யூலிக் ஆராய்ச்சி நிலையத்தில் ஹெண்ட்ரிக் போர்ட்டர் என்பவரும் அவருடைய சகாக்களும், தொட்டி அளவைப் பற்றி உலகத்தில் நடந்த 65 ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்து 2012-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தொட்டியின் கொள்ளளவை இருமடங்காக்கினால் செடியின் எடை சராசரியாக 43 சதவீதம் கூடுகிறது என்பது அவர்கள் கண்டது. தொட்டி குறுகினால் இலையின் ஒவ்வொரு சதுர அங்குலமும் வெயிலைக்கொண்டு உணவு சமைக்கிற வேலையைக் குறைத்துக்கொள்கிறது என்றும் சொன்னார்கள். ஒரு லிட்டர் மண்ணுக்கு ஒரு கிராம் எடைச் செடிக்கு மேல் இருக்கக்கூடாது என்று ஆராய்ச்சிக்காரர்களுக்குப் புத்திமதியும் கூறினார்கள். விஞ்ஞானிகள் செய்யும் பரிசோதனைகளிலேயே 65 சதவீதம் இந்த வரம்பை மீறியிருந்தனவாம்.

இந்த 43-ஐ வைத்துக்கொண்டு வீட்டுக் கணக்கு ஒன்று போடலாம். தொட்டியின் வாயகலத்தை 4 அங்குலத்திலிருந்து 8 அங்குலமாக்கி, உயரத்தையும் அதே விகிதத்தில் கூட்டினால் மண் இருமடங்கு ஆவதில்லை, எட்டு மடங்கு ஆகிறது. மூன்று தடவை இருமடங்கு. செடியோ எட்டு மடங்கு ஆகாது. ஏறக்குறைய மூன்று மடங்குதான் ஆகும். பெரிய தொட்டி செடிக்கு லாபம். மண் வாங்கிச் சுமக்கிறவனுக்கு நஷ்டம். இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்பது என்பதுதான் எல்லாத் தோட்டக்காரருடைய கவலையும்.

இந்தக் கவலையைத் தலைகீழாகத் திருப்பியவர்கள் சீனரும் ஜப்பானியரும். சீனாவில் 706-ஆம் ஆண்டில் சித்திரம் தீட்டிய ஜாங்ஹுவாய் இளவரசரின் கல்லறைச் சுவரில், ஊழியர் ஒருவர் சிறு செடிகளும் கற்களும் வைத்த தட்டை ஏந்தி நிற்கிறார். அந்தக் கலை ஜப்பானுக்குப் போய் 'போன்சாய்' ஆயிற்று. அங்கே ஆழமில்லாத சிறு தட்டில் மரம் நிற்கிறது. சேறு தேங்குமே, வேர் நெருங்குமே என்று நாம் சொன்ன ஆட்சேபங்களெல்லாம் அங்கே பொருந்த வேண்டும். பொருந்தாததற்குக் காரணம் இரண்டு. மண்ணைக் குறுமணியாகச் சலித்துப் போடுகிறார்கள். காலாகாலத்தில் மரத்தை வெளியே எடுத்து, வேரை நறுக்கி, அதே தட்டில் திரும்ப வைக்கிறார்கள். வாஷிங்டனில் உள்ள அமெரிக்கத் தேசியத் தாவரத் தோட்டத்தில் 1625 முதல் தொட்டியில் பழகிவரும் ஒரு வெண்பைன் மரம் இருக்கிறது. மசாரு யமாகி என்ற போன்சாய்க் கலைஞர் அதை 1976-இல் நன்கொடையாகக் கொடுத்தார். 1945 ஆகஸ்டு 6-ஆம் தேதி ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தபோது, அந்த மரம் அங்கிருந்து சுமார் 3 கிலோமீட்டர் தூரத்தில் யமாகியின் வீட்டில் இருந்தது. குண்டு போட்ட நாட்டுக்கே மரத்தைக் கொடுத்த அவர், இதை ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. 2001-இல் அவருடைய பேரன்மார் வந்து சொன்ன பிறகே அங்கே தெரிந்தது. மூன்றரை நூற்றாண்டுக்கும் அதிகமான காலம் ஒரு சிறு தொட்டி மண்ணில் ஒரு மரம் வாழ முடியும், தினந்தோறும் வந்து பார்க்க ஆட்கள் தலைமுறை தலைமுறையாக இருந்தால்.

நம் காலத்தில் தொட்டி அளவு என்ற பேச்சை மறுபடி கிளப்பிவிட்டது யாரும் எதிர்பாராத ஒரு செடி. அது கஞ்சா. நம் தேசத்தில் 1985-ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதியின்றி அதைப் பயிரிடுவது குற்றம். ஆனால் உருகுவே 2013-இல் இயற்றிய சட்டம் வீட்டுக்கு 6 செடிகளை அனுமதித்தது. கனடா 2018-இல் பெரும்பாலான மாகாணங்களில் வீட்டுக்கு 4 செடிகள் என்றது. ஜெர்மனி 2024 ஏப்ரல் முதல் வயது வந்த ஒருவருக்கு 3 செடிகள் என்றது. இந்தச் சட்டங்கள் செடியைத் தலை எண்ணுகின்றன, மண்ணை அளப்பதில்லை. நாலு செடிதான் என்று ஆனபின், ஒவ்வொன்றையும் எவ்வளவு பெரிய தொட்டியில் வைப்பது என்பதே வளர்ப்பவர்களின் முதல் கேள்வி ஆகிவிட்டது. லவுடன் காலத்து ஏணி திரும்ப வந்தது. அரை லிட்டர்க் கோப்பையில் நாற்று. பிறகு மூன்று, நாலு லிட்டர். கடைசியில் 11 முதல் 19 லிட்டர்வரை. அவர்களில் பலர் தொட்டியில் போடுவது மண்கூட அல்ல, தென்னைநார்த் தூள். பொள்ளாச்சிப் பக்கத்தில் ஒரு காலத்தில் குப்பையென்று குவிந்துகிடந்த சரக்கு, இன்று கட்டிகளாக அழுத்திக் கப்பலேறிப் பல நாட்டுத் தொட்டிகளுக்குப் போகிறது. ஈரத்தையும் காற்றையும் சேர்த்துப் பிடித்துவைக்கும் குணம் அதற்கு உண்டு.

இந்தச் செடிக்கு இன்னொரு பழைய சரித்திரமும் இருக்கிறது. பாரிஸ் நகரத்தில் ஜூலியன் டூர்னுவா என்ற இளைஞர் 1912 வாக்கில் இந்த இனச் செடியையும் ஹாப்ஸ் கொடியையும் கண்ணாடி வீட்டில் வளர்த்தார். இரவு நீண்டால் அவை சின்னஞ்சிறு வயதிலேயே பூத்துவிடுவதைக் கண்டார். செடி பூப்பதை இரவின் நீளம் தீர்மானிக்கும் என்ற பெரிய உண்மையின் வாசலில் நின்ற அவர், முதல் உலகப் போரில் மடிந்தார். 1920-இல் அமெரிக்காவில் கார்னர், அல்லார்டு என்ற இருவர் அந்த உண்மையை நிலைநாட்டினார்கள். இன்று வீட்டுக்குள் வளர்ப்பவர் விளக்கின் பொத்தானை அழுத்தி, பன்னிரண்டு மணி நேர இரவைத் தாமே உண்டாக்குகிறார். செடியின் பருவம் அவர் கையில் இருக்கிறது. சீக்கிரம் இருட்டைக் கொடுத்தால் செடி சிறிதாகவே பூக்கும். சிறு தொட்டி போதும். தாமதித்துக் கொடுத்தால் செடி பெருக்கும். பெரிய தொட்டி வேண்டும். சிறு தொட்டியில் நெடுநாள் வைத்தால் வேர் சுவரைச் சுற்றிச் சுற்றித் தன்னையே பின்னிக்கொள்ளும்.

இதில் ஒரு கிளைக்கதை வேறு. 1924-இல் யானிஷெவ்ஸ்கி என்ற ரஷ்யத் தாவர நிபுணர் பெயரிட்ட ஒரு காட்டு வகை உண்டு. அது இரவைப் பார்ப்பதில்லை. வயதைப் பார்த்துப் பூக்கிறது. அதோடு கலந்து உண்டாக்கிய ரகங்கள் மூன்று மாதத்துக்குள் பிறந்து பூத்து முடிந்துவிடும். பிடுங்கி நட்டால் தேறிக்கொள்ள அவற்றுக்கு நாள் இல்லை. ஆகவே விதையை முதலிலேயே கடைசித் தொட்டியில் ஊன்றிவிடுகிறார்கள். 1840-களில் வாயாடித் தோற்றதாக எண்ணிய ஒரே மாற்றுக் கட்சி, அந்தச் செடியின் அவசரத்தால் வழக்கை ஜெயித்துவிட்டது! நிதானமாக வளர்கிற செடிக்கு ஏணிக் கட்சி சொன்னதும் சரி. அவசரச் செடிக்கு எதிர்க்கட்சி சொன்னதும் சரி.

இத்தனையையும் திரும்பிப் பார்க்கும்போது எனக்கு ஒன்று தோன்றுகிறது. தொட்டியின் அளவு என்று நாம் பேசுவதெல்லாம் உண்மையில் காலத்தின் அளவு. ஹத்ஷெப்சுட்டின் கூடை ஒரு பயணத்தின் அளவு. இங்கிலாந்துக் குயவனின் 'நாற்பத்தெட்டு' ஒரு பருவத்தின் அளவு. ஹேல்ஸின் சூரியகாந்திக்குத் தொட்டி ஒரு பகலின் தாகம். ஹெல்மாண்டின் வில்லோவுக்கு ஐந்து வருஷம். வெர்சேல்ஸ் பெட்டியும் யமாகியின் தட்டும் மட்டும் எந்தக் காலத்தையும் அளக்கவில்லை. அவை மனிதர்களின் வருகையை எண்ணுகின்றன.

ஆகையால் கடையில் தொட்டி வாங்கப் போகிறவர் அங்குலத்தையும் லிட்டரையும் கேட்பதற்கு முன்னால், தம்மை இரண்டு கேள்விகள் கேட்டுக்கொள்வது நல்லது. இந்தச் செடி இதற்குள் எவ்வளவு நாள் இருக்கப்போகிறது? நான் இதன் பக்கத்துக்கு எத்தனை நாளைக்கு ஒருமுறை வருவேன்? அடிக்கடி வருகிறவருக்குச் சின்னத் தொட்டி போதும். வர முடியாதவர், வராத நாட்களுக்கெல்லாம் சேர்த்து மண்ணாகக் கொடுத்துவிட வேண்டும். இரண்டும் கொடுக்க மனமில்லாதவர் செடியைத் தரையிலேயே விட்டுவிடுவது தர்மம். தரை யாரையும் எதிர்பார்த்துக்கொண்டு இருப்பதில்லை.